துரோகி கிராங்கும் ஊரில் இல்லாத ராஜாவும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது உபயோகமா எழுதுடா, தொழில்நுட்பம், தன்னம்பிக்கை, அந்த மாதிரி" என்றுதான் சொன்னார்கள். அதையெல்லாம் எழுத நம்ம துறையில் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு துரோகியைப் பற்றி. அதுவும் கடலுக்கு அடியில் நடந்த துரோகம்!

கதை இதுதான். கடலுக்கு அடியில் அட்லாண்டிஸ் என்று ஒரு நாடு. அதை ஆளுகிறவன் நேமோர் என்கிற இளவரசன். அவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவனுடைய சொந்தப் படைத்தளபதி கிராங் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். 1965-இல் அமெரிக்காவில் மார்வெல் கம்பெனி காமிக்ஸில் வந்தது. இவ்வளவு பழைய கதைக்காக ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம் என்றால் நம்புவீர்களா?

ஒருத்தன் சொன்னான், கிராங் பச்சைத் துரோகி, உப்பிட்டவனுக்கே குழி பறித்தவன். இன்னொருத்தன் சொன்னான், நாட்டை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிற ராஜாவுக்கு நல்லா வேணும். நான்? நான் முதலில் கிராங் கட்சி! இப்போது சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் அந்தக் கட்சியில் சேர்ந்தேன், ஏன் விட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்து நேமோர் கதைகளை வரிசையாகக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து 2009-இல் போட்ட மறுபதிப்பு. அட்டை கிழிந்திருந்ததால் அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார். இங்கிலீஷ் பல்லை உடைத்தது. ஸ்டான் லீ எழுதுகிற வசனம் நம்ம ஊர் சரித்திர நாடக வசனம் மாதிரி, ஒருத்தனும் சாதாரணமாக "வா, போ" என்று பேச மாட்டான். டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அதற்கு முந்தைய கதைகளை ஒரு நண்பன் தன் போனில் காட்டினான்.

நேமோரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அவனைப் படைத்தவர் பில் எவரெட் என்கிற ஓவியர். 1939-இல் வந்த 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழிலேயே நேமோர் இருக்கிறான். அப்பா தரையில் பிறந்த கப்பல் கேப்டன், அம்மா கடலுக்கு அடியில் உள்ள ராஜகுமாரி. கணுக்காலில் சின்னச் சிறகு. தண்ணீரிலும் மூச்சு விடுவான், காற்றிலும் மூச்சு விடுவான். அவன் ஜனங்கள் அப்படியில்லை, தண்ணீரை விட்டு வெளியே வந்தால் மூச்சு நின்றுவிடும். அவர்கள் தோல் நீலம், இவன் தோல் நம்ம வெள்ளைக்காரன் மாதிரி. என்னுடைய கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது! கலர்ப் பக்கத்தை நண்பனின் போனில் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது, அத்தனை நீல முகத்துக்கு நடுவில் ராஜா ஒருத்தன் மட்டும் வேறு நிறம். வரும் கதைக்கெல்லாம் இது முக்கியம். ரெண்டு ஊருக்கும் சொந்தக்காரன், ரெண்டு ஊரிலும் முழுசாக இல்லாதவன்.

சரி, கிராங்குக்கு வருவோம்.

1963-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் ஆண்டு மலரில் அவன் அறிமுகமாகிறான். 37 பக்கக் கதை, ஜாக் கிர்பி வரைந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் நேமோர் ஞாபகமெல்லாம் தப்பி, நியூயார்க்கில் ஏழைகள் படுத்துத் தூங்குகிற விடுதியில் தாடி மீசையோடு கிடந்தான். நால்வர் அணியில் நெருப்பாக மாறுகிற ஜானி என்கிற பையன் அவனை அடையாளம் கண்டு கடலில் கொண்டு போய்ப் போடுகிறான். ஞாபகம் திரும்பி வந்து தன் ஊருக்குப் போனால், தரைவாசிகள் நடத்திய அணுகுண்டுச் சோதனையில் ஊரே இடிந்து கிடக்கிறது. ஜனங்களைக் காணோம். அந்தக் கோபம் அவனுக்குக் கடைசி வரைக்கும் தீரவில்லை, தீரவும் கூடாது என்பேன். நம்ம ஊரை யாராவது அப்படிப் பண்ணினால் நாம சும்மா இருப்போமா?

ஆண்டு மலர்க் கதையில் நேமோர் தன் ஜனங்களைக் கண்டுபிடித்துவிடுகிறான். அவர்களுக்குத் தலைவனாகி, நியூயார்க்கின் மேல் படையெடுக்கிறான். வீரர்கள் தலைக்கவசத்தில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். ஊரையே பிடித்தும் விடுகிறார்கள். நால்வர் அணியின் விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் ஒரு கருவியால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கிவிட, படை கடலுக்குத் திரும்புகிறது. (தண்ணீர் மட்டும் ஆவியாகி உள்ளே இருக்கிற ஆள் வேகாமல் இருப்பது எப்படி என்று தெர்மல் பாடத்தில் கேட்டுப் பார்க்கலாம். நமக்கு அது வேண்டாம்.)

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். நேமோருக்கு நால்வர் அணியில் உள்ள சூ என்கிற பெண்மேல் ஆசை. அவள் உயிருக்கு ஆபத்து வந்ததும், போரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு தரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறான். நல்ல காரியம்தான். ஆனால் பார்க்கிற ஜனங்களுக்கு எப்படி இருக்கும்? நேற்று வரைக்கும் "தரைவாசி எதிரி, வாருங்கள் சண்டைக்கு" என்று கூப்பிட்டவன், இன்றைக்கு எதிரி வீட்டுப் பெண்ணுக்காக எல்லாத்தையும் விட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால் அரண்மனை காலி. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலி ஊரில் ராஜா ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கடைசிப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால், நேமோரை முதலில் கைவிட்டது கிராங் இல்லை. ஜனங்கள். அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை, சூழ்ச்சி பண்ணவில்லை. போய்விட்டார்கள், அவ்வளவுதான். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை பாருங்கள்!

நடுவில் 1964 டிசம்பரில் அட்டூமா வருகிறான். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 33-ஆம் இதழ். காட்டுமிராண்டிக் கூட்டத்துக்குத் தலைவன், வெளியே இருந்து படையோடு வந்து "உன் சிம்மாசனம் எனக்கு வேணும்" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவன். நேமோரைக் காதலிக்கிற டோர்மாவே, சூ மேல் உள்ள பொறாமையில் அட்டூமாவுக்கு வழி காட்டிவிடுகிறாள். பிறகு மனசு கேட்காமல் நால்வர் அணியிடம் ஓடிப் போய் உதவி கேட்கிறாள். அவர்களும் நேமோருக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து உதவுகிறார்கள். நல்ல விறுவிறுப்பு. ஆனால் அட்டூமாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வெளியாள் வந்து அடிப்பது சண்டை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கிராங் அப்படி இல்லை. அவன் உள்ளாள். படை முழுக்க அவன் கையில். அதைக் கொடுத்தது யார்? நேமோர். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்ம ஊரில் சொல்கிறோம். வேலி போட்டவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இப்போது என் புத்தகத்தின் முதல் கதை. 1965 ஏப்ரல், 'டேர்டெவில்' 7-ஆம் இதழ். வாலி உட் வரைந்தது. டேர்டெவில் அந்தச் சிவப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு முதல்முதலாக வருவது இந்த இதழில்தான், அதனால் காமிக்ஸ் பைத்தியங்களுக்கு இது பெரிய இதழ். எனக்கு அது பெரிசில்லை. கதைதான் பெரிசு.

கிராங் "போருக்குப் போவோம், போருக்குப் போவோம்" என்று தூண்டுகிறான். நேமோர் "இல்லை, இந்த முறை சட்டப்படி போகிறேன்" என்கிறான்! யோசித்துப் பாருங்கள். ஒரு ராஜா, கையில் ஒரு படை, தோளில் யானை பலம். அவன் நியூயார்க்கில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் படியேறி, மனித இனம் முழுவதன் மேலும் கேஸ் போட வேண்டும் என்கிறான். தரைவாசிகள் தன் இனத்தின் உரிமையைப் பறித்துக்கொண்டார்கள் என்பது அவன் வழக்கு. வக்கீல் மேட் மர்டாக், கண் தெரியாதவர், அவர்தான் ராத்திரியில் டேர்டெவில். அவர் பொறுமையாக, மனித இனம் முழுக்கப் பிரதிவாதி ஆக்க முடியாதப்பா என்று விளக்குகிறார். நேமோர் என்ன பண்ணினான்? தெருவில் இறங்கி எல்லாத்தையும் உடைத்தான். உடைத்தால் கைது பண்ணுவார்கள், கைது பண்ணினால் கோர்ட்டுக்குக் கொண்டு போவார்கள், கோர்ட்டில் பேசலாம்! நம்ம ஊரில் மனு கொடுத்து மனு கொடுத்து ஓய்ந்தவன் கடைசியில் ரோட்டில் உட்காருவான் இல்லையா, அதே கணக்கு. எனக்கு நேமோர் மேல் முதல்முதலாக மரியாதை வந்தது இந்தப் பக்கத்தில்தான்.

ஆனால் அந்த நேரம் பார்த்து டோர்மா வந்து சொல்கிறாள்: அங்கே கிராங் கலகம் பண்ணிவிட்டான்.

பார்த்தீர்களா அவன் சாமர்த்தியத்தை? ராஜா அநியாயம் செய்தபோது கிராங் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண்ணுக்காகப் படையைப் பாதியில் விட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அப்போது எழுந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். ராஜா தன் வாழ்க்கையிலேயே உருப்படியாக, ரத்தம் சிந்தாமல், தன் ஜனங்களுக்காக ஒரு காரியம் செய்யப் போன நேரத்தில்தான் எழுந்திருக்கிறான். கேஸ் அதோடு போச்சு. நேமோர் ஜெயிலை உடைத்துக்கொண்டு கிளம்ப, வழியில் டேர்டெவில் மறிக்க, தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் அவர் விழுந்து விழுந்து எழுந்து சண்டை போட, நேமோர் அந்தத் தைரியத்துக்குத் தலை வணங்கிவிட்டுக் கடலுக்குப் போகிறான். அட்லாண்டிஸ் ஜனங்களுக்காக ஒரே ஒரு தடவை கோர்ட் வரைக்கும் போன அந்த வழக்கு அப்படியே நின்றுவிட்டது. கிராங் செய்த முதல் கெடுதல் ராஜாவுக்கு இல்லை, அந்த வழக்குக்கு.

சரி, இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் கிராங் கட்சியில் இருந்தேன்? அதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். அப்பா குடோனில் மூட்டை தூக்குகிறார். இங்கே சேர்ந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "உங்க வீட்டுல யாருடா படிச்சிருக்கா, நீ படிக்கப் போற?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் காமிக்ஸைப் படித்தபோது அதே கேள்வியைத்தான் எல்லாரும் கிராங்கிடம் கேட்கிற மாதிரி இருந்தது. நேமோருக்கு அம்மா ராஜகுமாரி, அதனால் ராஜா. கிராங்குக்கு அரச ரத்தம் என்று கதை எதையும் சொல்லவில்லை. படையில் உயர்ந்து தளபதி ஆனவன். "நீ யாருடா அங்கே உட்கார?" என்று கதை முழுக்க அவனைக் கேட்கிறது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் ஏன் பிறப்பில் வந்தவன் நல்லவன், உழைத்து மேலே வந்து ஆசைப்படுகிறவன் கெட்டவன்? எழுதுகிறவர்கள் ராஜாவே இல்லாத நாட்டுக்காரர்கள் வேறு!

இந்தக் கேள்வி சரியான கேள்விதான், இன்னமும் அதை நான் விடவில்லை. ஆனால் அதற்கு கிராங் பதில் இல்லை. அது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அவன் உட்கார்ந்த பிறகு.

1965 ஆகஸ்ட், 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 70-ஆம் இதழிலிருந்து நேமோருக்குத் தனித் தொடர். ஒரே புத்தகத்தில் பாதி இவன், பாதி ஹல்க். ஜீன் கோலன் ஆடம் ஆஸ்டின் என்கிற வேறு பெயரில் வரைந்தார். நிழலும் வெளிச்சமுமாக, தண்ணீருக்குள்ளே இருக்கிற மாதிரியே இருக்கும். நேமோர் ஊருக்குத் திரும்பினால் சிம்மாசனத்தில் கிராங். பழைய படை, புது எஜமான். நேமோர் சிறைப்படுகிறான், டோர்மா அவனை வெளியே விடுகிறாள். உரிமை உள்ள ராஜா யார் என்பதை நிரூபிக்க நெப்டியூன் தேவனின் திரிசூலத்தைத் தேடிக் கிளம்புகிறான்.

அந்த நேரத்தில் அட்லாண்டிஸில் கிராங் என்ன செய்தான் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. "இனிமேல் பிறப்பு இல்லை, தகுதி" என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் அவன் கட்சிதான். சொல்லவில்லை! அதே சிம்மாசனம், அதே மண்டியிடுகிற ஆட்கள். எதிர்த்தால் சிறை. டோர்மாவைத் தனக்கு வேண்டும் என்கிறான், அவள் மறுத்ததும் முகமில்லாத பூதங்கள் இருக்கிற இடத்தில் தள்ளுகிறான். ஜனங்கள் எதிர்க்கக் கிளம்பியதும் படையை அவர்கள் மேலேயே ஏவுகிறான். எந்தப் படை? தரைவாசிகளிடமிருந்து ஊரைக் காப்பாற்ற இருந்த படை.

ஆக, அவனுடைய ஆசை நம்மைப் போன்றவர்களுக்காக இல்லை. "யாரும் உட்காரலாம்" என்பது வேறு, "நான் உட்காருவேன்" என்பது வேறு. கீழே இருந்து ஏறினவன், ஏறின ஏணியை உதைத்துத் தள்ளினால் அவனுக்கு நான் ஏன் கை தட்ட வேண்டும்? என் கட்சியை அன்றைக்கு ராத்திரியே கலைத்துவிட்டேன். மறுநாள் மெஸ்ஸில் சொன்னபோது முதல் நண்பன் சிரித்தான், "வந்துட்டியா வழிக்கு" என்று. "உன் வழிக்கு வரலைடா" என்றேன். அடுத்த சண்டை அங்கே ஆரம்பம்!

ஏனென்றால் எனக்கு அந்தத் திரிசூலமும் பிடிக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள். நேமோர் மேல் ஜனங்களுக்கு இருந்த குறை என்ன? பலசாலி இல்லை என்பதா? இல்லையே! அவனைவிடப் பலசாலி அந்தக் கடலில் யாரும் இல்லை. குறை, அவன் ஊரில் இருப்பதில்லை என்பது. மனசு பாதி தரையில் இருக்கிறது என்பது. அதற்குப் பரிசோதனை என்ன வைக்கிறார்கள்? கடற்பாசியால் ஆன அரக்கனோடு சண்டை, வைரத்துக்குள் ஆபத்து, இன்னும் என்னென்னவோ. டர்னிங் வேலை தெரியுமா என்று பார்க்க ஓட்டப்பந்தயம் வைத்தால் எப்படி இருக்கும்? ஓடி ஜெயித்தவனிடம் ஜாப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான்! இதில் இன்னொரு வேடிக்கை, ராஜா ஊரில் இல்லாததால் வந்த வினையைத் தீர்க்க ராஜா மறுபடியும் ஊரை விட்டுப் போகிறான். மாதம் ஒரு இதழாக எத்தனை மாதம்! அங்கே ஜனங்கள் கிராங்கின் காலடியில்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டோர்மாவுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் நேமோர் தேடலைப் பாதியில் விட்டுவிட்டு அவளைக் காப்பாற்றத் திரும்புகிறான். திரிசூலம் போனால் போகட்டும் என்று திரும்பின அந்த இடம்தான் எனக்கு நிஜமான பரிசோதனை. 1963-இல் எதிரி வீட்டுப் பெண்ணுக்காக விட்டுப் போனான், இப்போது தன் ஊர்ப் பெண்ணுக்காகத் திரும்பி வருகிறான். ஸ்டான் லீ இதை யோசித்து எழுதினாரா, மாதக் கெடுவுக்கு எழுதினாரா, எப்படியோ வந்து விழுந்திருக்கிறது.

இது மார்வெலின் பழக்கம் மட்டும் இல்லை. எதிர்க் கம்பெனி டி.சி.யின் அக்வாமேனை எடுத்துக்கொள்ளுங்கள், நேமோருக்கு இரண்டு வருஷம் இளையவன், 1941-இல் பிறந்தவன். 1966-இல் பாப் ஹேனி எழுதி நிக் கார்டி வரைந்த 29-ஆம் இதழில் ஓஷன் மாஸ்டர் வருகிறான். அவன் வேறு யாருமில்லை, ராஜாவின் சொந்தத் தம்பி ஓர்ம், அப்பா ஒருவர், அம்மா வேறு. பழைய ஞாபகமெல்லாம் போனவன், தான் அடிப்பது அண்ணனை என்றே அவனுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், அதனால் கை ஓங்க முடியாது. படிக்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் என் வாதத்துக்குப் பக்கத்தில் வருகிறவன் ஓர்ம் இல்லை, நார்க்ரான். 1968-இல் அக்வாமேனின் மனைவி மேராவை யாரோ கடத்திவிட, அவன் நாட்டை நார்க்ரான் என்கிறவனிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியைத் தேடிப் போகிறான். ஸ்டீவ் ஸ்கீட்ஸ் எழுத, ஜிம் அபாரோ வரைந்த தொடர். இதழ் இதழாகத் தேடல் நடக்கிறது. நார்க்ரான் சர்வாதிகாரி ஆகிவிடுகிறான். ரெண்டு கம்பெனி, ரெண்டு ராஜா, கதவு மட்டும் ஒன்று!

மனைவியைத் தேடாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். நான் சொல்வது, போகும்போது சாவியை ஒரே ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று கேட்க இன்னொருத்தரைக்கூட வைக்காமல் போவது. அட்லாண்டிஸில் ஒரு சபை இருந்து, தளபதி அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்திருந்தால், கிராங் வெறும் கோபக்காரத் தளபதியாகவே ரிட்டையர் ஆகியிருப்பான். (நம்ம பேரவைத் தலைவர் அண்ணன் இதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டு விழா சமயத்தில் அவர் எங்கே இருந்தார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.)

சினிமா பார்த்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் ஜேம்ஸ் வான் எடுத்த 'அக்வாமேன்' படத்தில் ஓர்ம்தான் சிம்மாசனத்தில் இருக்கிறான், தரையில் வளர்ந்த கலப்பு ரத்தம் ஆர்தர் வந்து கேட்கிறான். யார் ஜெயிப்பது என்பதை எது முடிவு பண்ணுகிறது? மறுபடியும் திரிசூலம்! 1965-க்கும் 2018-க்கும் இடையில் அரை நூற்றாண்டு போயிருக்கிறது, கடலுக்கு அடியில் இன்னும் ஓட்டுப் பெட்டி போய்ச் சேரவில்லை.

2022-இல் வந்த 'பிளாக் பேந்தர்: வக்காண்டா ஃபாரெவர்' படத்தில் நேமோராக டெனோச் வேர்ட்டா நடித்தார். அதில் ஊர் பெயரே அட்லாண்டிஸ் இல்லை, தாலோகான். வெள்ளைக்காரனிடமிருந்து தப்பிக் கடலுக்குள் போன மாயா ஜனங்களின் வம்சம் என்று வைத்திருக்கிறார்கள். அட்டூமா அதில் நேமோரின் விசுவாசமான வீரன்! காமிக்ஸ் படித்துவிட்டுப் போனவனுக்குத் தூக்கிவாரிப் போடும். கிராங்கைக் காணோம். காரணம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் படத்து நேமோர் தன் ஜனங்களை விட்டு எங்கேயும் போவதில்லை. அவர்களும் அவனைத் தெய்வமாகவே பார்க்கிறார்கள். அங்கே கிராங் நுழைய இடமில்லை.

டோர்மாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஒரு தடவை பொறாமையில் காட்டிக் கொடுத்தவள் அவளும்தான். வித்தியாசம், அவள் தப்பு செய்ததும் ஓடிப் போய்த் திருத்தினாள், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தன் உயிரை வைத்து நின்றாள். கிராங் செய்ததற்குத் துரோகம் என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் இவள் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? 1971-இல் நேமோருக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகிற நேரத்தில் லைரா என்கிற எதிரியால் அவள் செத்துப் போகிறாள். 'சப்-மரைனர்' 37-ஆம் இதழ். அதைப் படித்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கிராங் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்கிறவர்களுக்கு: நேமோர் அவனைக் கொல்லவில்லை, நாடு கடத்தினான். கொல்லாமல் விட்டது பெருந்தன்மை என்று முதல் நண்பன், முட்டாள்தனம் என்று இரண்டாம் நண்பன். அவன் சும்மா இருக்கவில்லை, பொம்மைகளால் ஆட்களை ஆட்டி வைக்கிற பப்பெட் மாஸ்டர் என்கிறவனோடு சேர்ந்துகொண்டு மறுபடி வருகிறான். 1966-இல் டோர்மாவோடு தரைப் பக்கம் போகிறான். அவர்களைத் துரத்திக்கொண்டு நேமோரும் தரைக்குக் கிளம்பிவிட்டான், வழியில் சம்பந்தமே இல்லாமல் அயர்ன் மேனோடு வேறு சண்டை. அட்லாண்டிஸில் சிம்மாசனம் மறுபடி காலி!

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் இரண்டாம் நண்பனின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். நாலு நாள் கழித்து அன்றைக்குத்தான் பேசினோம். புத்தகம் இப்போது அவனிடம் இருக்கிறது. அடுத்து யாருக்கு வேண்டுமோ அவனிடம் பேர் கொடுத்து வையுங்கள். அட்டை ஏற்கனவே கிழிந்ததுதான், பக்கத்தை மட்டும் மடிக்காதீர்கள்.